பன்னிரண்டு பஞ்சுக் குச்சிகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அம்மா ஃபோன். கரூர் மாப்பிள்ளை வீட்டில் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டார்களாம். "கிருமி ஆராய்ச்சின்னு சொல்லிட்டேன்டி. எதோட கிருமின்னு கேட்டா நீ வாயத் தொறந்துராத. நாய், பூனைன்னு ஒண்ணு கிடைக்கலையா உனக்கு?"

கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவம் முடித்து மேற்படிப்புக்கு வந்தபோது அருணகிரி சார்தான் எனக்கு வழிகாட்டியாக அமைந்தார். அவர் கையில் இருந்தது பன்றித் திட்டம். பண்ணைப் பன்றிகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கும். பெரும்பாலும் பன்றியை ஒன்றும் செய்யாது. கையில் காயம் உள்ள மனிதன் அந்த இறைச்சியை அறுத்தால் உள்ளே போய் மூளைக் காய்ச்சல் தரும், பிழைத்தாலும் காது போய்விடும். போன வருஷம் இந்த ஊரில் ஒரு கறிக்கடைக்காரருக்கு அப்படித்தான் இரண்டு காதும் போனது. அதனால்தான் இந்தத் திட்டம். பண்ணைக்குப் பன்னிரண்டு பன்றி, ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு பஞ்சுக் குச்சி. அதில் வளரும் பாக்டீரியாவின் மரபணுவைப் படித்து எந்த வகை என்று பிரிக்க வேண்டும்.

மூன்று பண்ணை முடிந்தது. மூன்றிலும் ஆய்வக உதவியாளர் பெர்னாட் அண்ணன்தான் கம்பிச் சுருக்குப் போட்டு மேல்தாடையை இழுத்துப் பிடித்தார். பன்றி போடும் கூச்சல் இருக்கிறதே, மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல. போன வாரம் ஒன்று என்னை முட்டிச் சாணிக்குட்டையில் தள்ளிவிட்டது. விடுதியில் எத்தனை முறை குளித்தும் அறைத்தோழி ஜன்னலைத் திறந்து வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் திறந்தாள். ஆனால் திறந்தாள்.

நாளைக்கு ஓடைக்காட்டுப்புதூர். பெர்னாட் அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு லீவு. தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். "வண்டி நாளைக்குத்தான் இருக்கு. பண்ணைக்காரம்மாவே பிடிச்சுக் குடுப்பாங்க, போம்மா" என்று சார் சொல்லிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

முடிந்தது. பன்னிரண்டு குச்சி, பன்னிரண்டு குப்பி, எல்லாவற்றுக்கும் எண் ஒட்டிப் பனிப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

பண்ணைக்காரம்மா பெயர் பாவாயி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் இல்லை. ஓடைக்கரையில் தனியாகக் கொட்டகை போட்டு முப்பது வெள்ளைப் பன்றி வளர்க்கிறார். வண்டி போய் நின்றதும், "வாங்க கண்ணு, வாங்க, நெம்ப தூரமுங்களா?" என்று முந்தானையால் நாற்காலியைத் துடைத்தார். பன்றிகளுக்கு டவுனில் ஓட்டல் மிச்சம் எடுக்கப் போக வேண்டிய நேரமாம், போகாவிட்டால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களாம். "நான் இருந்து புடிச்சுக் குடுக்கட்டுங்களா? ஓட்டல்காரன் கெடக்கறான், சித்த நேரம் கத்துவான்" என்றார். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

செல்லி என்று ஒரு தாய்ப்பன்றி. பாவாயி அக்கா கையாலேயே ஊட்டி வளர்த்தது. வாழைப்பழத்தைக் காட்டினால் போதும், தானாக வந்து வாயைத் திறக்கும். சுருக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நான் ஒரு சீப்பு வாங்கிப் போனது நல்லதாகப் போயிற்று. செல்லிக்கு இன்றைக்கு வயிறு முட்டியிருக்கும்.

அக்கா திரும்பி வந்து, "அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா! வர்ற வழியெல்லாம் ஒரு சத்தமும் கேக்கலயே, கை ராசி கண்ணு உங்களுக்கு" என்றார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேன்.

குடிக்கவில்லை. அவர் உள்ளே போனபோது வேலியோரம் ஊற்றிவிட்டேன். நாட்குறிப்பிலும் பொய் எழுத ஆரம்பித்தால் எதற்கு இதை எழுதுவது?

ஜூன் 12, வியாழன்

பெர்னாட் அண்ணன் வந்துவிட்டார். ஆணியில் தொங்கும் என் கோட்டைப் பார்த்து, "என்ன மேடம், சலவைக்குப் போட்டு வாங்கிட்டீங்களா, பளிச்சுனு இருக்கு?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 18, புதன்

இரத்தம் கலந்த தட்டுகளில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. மற்றப் பண்ணைகளில் பன்னிரண்டு தட்டில் இரண்டோ மூன்றோதான் சந்தேகப்படும்படி இருந்தன. ஓடைக்காட்டுப்புதூர்த் தட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள், சுற்றிலும் மெல்லிய பச்சை. ஒன்றிலாவது மாறியிருக்கக் கூடாதா?

இன்று மெஸ்ஸில் பூரி. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பிசிஆர் போட்டேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதுவும் இரண்டாம் வகை. மனிதர்களை அதிகம் தாக்குவது அதுதான்.

சார் பிசிஆர் படத்தில் விழுந்திருந்த பன்னிரண்டு கோடுகளையும் பேனா முனையால் எண்ணினார். பிறகு, "எங்கயோ கலப்படம் ஆயிருக்கும்மா. திரும்பப் போடு. வெறுங்குழாயையும் கூடவே வை" என்றார். வெறுங்குழாய் என்றால் மாதிரி ஒன்றும் சேர்க்காத குழாய். அதிலும் கோடு விழுந்தால் மருந்திலோ கையிலோ அழுக்கு, மொத்தச் சோதனையும் செல்லாது. அப்படி ஆனால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாதிரி எடுக்கலாம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஆய்வகத்துக்கு வந்து இத்தனை நாளில் வெறுங்குழாயில் கோடு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

வெறுங்குழாய் சுத்தம். துடைத்துவிட்ட மாதிரி.

குழாய்களை வைக்கும்போது அதில் ஒரு சொட்டு விட்டுவிடலாமா என்று தோன்றியது. கை அந்தப் பக்கம் போகவும் போனது. விடவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. பெர்னாட் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஜூன் 30, திங்கள்

மரபணு முடிவு வந்துவிட்டது. ஏழு மரபணுக்களைப் படித்துத்தான் எந்தக் கிளை என்று சொல்வது. பன்னிரண்டிலும் ஏழும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. சாருக்குத் தலைகால் புரியவில்லை. துறை முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுத்தார். "ஒரே கிளை ஒரு பண்ணையவே பிடிச்சு ஆட்டுது இந்துஜா! நம்ம பக்கத்துல இப்படி யாரும் காட்டினதில்ல. செப்டம்பர் மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பிட்டேன். உன் பேருதான் முதல்ல."

எப்படி ஒன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

ஜிலேபியைத் தாளில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு அறிக்கை போய்விட்டது. "ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மறைக்கக் கூடாது" என்று சார் சொன்னார். அவர் சொன்னது சரிதான். சார் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை.

ஜூலை 4, வெள்ளி

பாவாயி அக்கா ஃபோன் செய்தார். எடுக்காமல் விட்டேன். மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகும் வந்தபோது எடுத்தேன்.

"கண்ணு, ஆபீசருங்க வந்து கேட்டுல போர்டு கட்டிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் வெளிய போகக் கூடாதுங்கறாங்க. பன்னி வாங்கற கேரளாக்காரன் வண்டியோட வந்து திரும்பிப் போயிட்டான். அத்தனைக்கும் நோவுன்னு எழுதியிருக்குதாம். ஏங்கண்ணு, நீங்கதான பாத்தீங்க? எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

என்னிடம் பதில் இருந்தது. "மேலே பேசிப் பார்க்கிறேன்க்கா" என்றேன்.

"பேசுங்க சாமி. உங்கள உட்டா எனக்கு அங்க யாரத் தெரியும்?"

ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். அழுகை நின்றதும் முகம் கழுவிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். தயிர்சாதம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என்ன ஜென்மம் நான்!

ஜூலை 7, திங்கள்

ஓடைக்காட்டுப்புதூரில் நேற்று ஊர்க்கூட்டம். அந்தக் கொட்டகையை எடுக்கச் சொல்லி ஊர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். நாற்றம் என்பார்கள், கொசு என்பார்கள், கோயிலுக்குப் போகிற வழி என்பார்கள். அக்கா அசையவில்லை. இப்போது எங்கள் காகிதம் கையில் கிடைத்துவிட்டது. இன்று காலை கலெக்டரிடம் மனுவும் கொடுத்துவிட்டார்கள். வரும் திங்களுக்குள் முப்பதையும் அப்புறப்படுத்த உத்தரவு. விற்க முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள். குழி வெட்டிப் புதைக்க வேண்டியதுதான்.

அக்கா இதையெல்லாம் ஃபோனில் சொல்லும்போது குரல் உயரவே இல்லை. கடைசியில், "செல்லி வவுத்துல குட்டி கெடக்குது கண்ணு" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு குச்சியும் செல்லியின் தொண்டையில் எடுத்தது. ஒரே பன்றி. அது பழத்துக்கு வாயைத் திறந்தது, ஒரு குச்சி. இன்னொரு பழம், இன்னொரு குச்சி. குப்பியில் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஒரே தொண்டையிலிருந்து எடுத்தால் ஒரே பாக்டீரியாதான் வரும். இதில் என்ன கண்டுபிடிப்பு?

மற்றவை கொட்டகை மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளே இறங்கவே இல்லை நான். வெளித் தடுப்பில் நின்றபடியே வேலையை முடித்தேன். பயந்துவிட்டேன் என்று எழுதலாம். பயத்தை யாரும் மன்னிப்பார்கள். பயமில்லை. அந்தச் சேற்றில் மறுபடி கால் வைக்கக் கூசியது, அவ்வளவுதான். நாலரை வருஷம் கால்நடை மருத்துவம் படித்தவள்.

வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

ஜூலை 9, புதன்

சார் அறைக்குப் போனேன். "என்னம்மா?" என்றார். ஆய்வேட்டுக்கு எந்த எழுத்துரு போடுவது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராமல் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று தெரியும். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும் சார்."

"ஒண்ணு ரெண்டாவது வேற..."

"இல்ல சார்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "நான் ஊரெல்லாம் இனிப்பு குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக என் முன்னாலேயே எழுதி அனுப்பினார். மாவட்ட அலுவலகத்துக்கும் கடிதம்: மாதிரி சேகரிப்பில் தவறு, முந்தைய முடிவை நம்ப வேண்டாம், மறு ஆய்வு முடியும்வரை எந்தப் பன்றியையும் அழிக்க வேண்டாம். தவறு யாருடையது என்று எழுதவில்லை. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். "உன்னக் காப்பாத்தறதா நினைச்சுக்காத. கையெழுத்து என்னோடது. உன்ன வச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கறேன். முதல்ல நாளைக்குப் போய் ஒழுங்கா எடுத்துட்டு வா. பன்னெண்டு இல்ல, முப்பதையும் எடு."

ஜூலை 11, வெள்ளி

முப்பது.

பெர்னாட் அண்ணன் சுருக்குப் போட, நான் உள்ளே இறங்கினேன். முழங்கால்வரை சேறு. கூச்சலில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு தடவை விழுந்தேன். ஒன்று என் முழங்கையை இடித்துத் தள்ளியது, இன்னும் வீங்கியிருக்கிறது. பாவாயி அக்கா ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுக்க, சில தானாக அடங்கின. அக்காவின் ஊட்டும் கையில் வெட்டுக்காயம் இருந்தது. கையுறை மாட்டிவிட்டு, இனி இல்லாமல் தொடக் கூடாது என்றேன். "உங்க சொல்லத் தட்டுவனுங்களா?" என்றார்.

செல்லியிடம் கடைசியாகப் போனேன். ஒரு குச்சி. பழம் வாங்கிப் போகவில்லை, இருந்தாலும் வாயைத் திறந்தது.

டீ குடித்தேன். நிஜமாகவே குடித்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்ன மாதிரியே மேல பேசிட்டீங்களே கண்ணு" என்றார். சொல்லாமலே பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

ஜூலை 22, செவ்வாய்

முடிவு. முப்பதில் மூன்றில் பாக்டீரியா. செல்லியிடம் அதே இரண்டாம் வகை. மற்ற இரண்டிலும் வேறு வகை, மரபணுவும் வேறு, மனிதர்களை அநேகமாக ஒன்றும் செய்யாதவை. எந்தப் பண்ணையிலும் இருக்கிற மாதிரிதான் இங்கேயும். உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். செல்லியை மட்டும் தனியாகக் கட்டி வைத்தியம் பார்க்க வேண்டும், கறிக்கு விற்கக் கூடாது. அக்கா அதை எந்தக் காலத்திலும் கறிக்கு விற்கப் போவதில்லை.

சார் முடிவைப் படித்துவிட்டு, "இதத்தான் போன மாசம் கொண்டுவந்திருக்கணும்" என்றார். என்னை வைத்துக்கொள்கிறார். படிப்பு ஓராண்டு தள்ளிப்போகும், முதல் பண்ணையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும். சரி என்றேன். அம்மாவிடம் எதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 25, வெள்ளி

பாவாயி அக்கா கல்லூரிக்கே வந்துவிட்டார். வாசலில் காவலாளி நிறுத்தி வைத்திருந்தார். பச்சைப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் டவுன் கடை இனிப்புப் பெட்டி. கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"கேரளாக்காரன் நாளைக்கு வர்றான் கண்ணு. போர்டையும் பிச்சுட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியம். எங்கூரு முருகன் பாத்தானோ இல்லியோ, நீங்க பாத்தீங்க."

இதற்கு மேல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் மனுஷியே இல்லை. சொன்னேன். முதல் நாள் அவர் டவுனுக்குப் போனது முதல் எல்லாவற்றையும். போர்டு வந்தது என்னால், ஊர் மனு கொடுத்தது என்னால், புண்ணியம் என்று எதுவும் இல்லை என்று சொன்னேன். மன்னிச்சிடுங்கக்கா என்றும் சொன்னேன். காதில் விழுந்ததா தெரியவில்லை.

அவர் நஷ்டக் கணக்குப் பார்க்கவில்லை. கேரளாக்காரன் திரும்பிப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்ப அன்னிக்கு நீங்க உள்ளயே வருலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"ஒண்ணையும் தொடுலீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊர்க்கூட்டத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு காறித் துப்பற மாதிரி பேசுனாங்க. பன்னி மேய்க்கறவளே, உன்னோட நாத்தத்துல மனுசன் வருவானான்னாங்க. நான் ஒரே ஒரு வார்த்ததான் சொன்னனுங்க. காலேசுல படிச்ச டாக்டரு புள்ள, பெரிய எடத்துப் புள்ள, தனியா எங்கொட்டாய்க்குள்ள எறங்கி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துச்சு, மொகத்தச் சுளிக்குல, என்ற கையில டீ வாங்கிக் குடிச்சுச்சு, உங்களுக்கு என்னடா வந்துதுன்னு கேட்டேன். ஒருத்தனும் வாயத் தொறக்குல. அத்தன பேரு முன்னால தலைய நிமித்திட்டு வந்தேன்."

அவர் அழவில்லை. எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார்.

"இந்தப் பொட்டிய அந்த பெர்னாட்டுத் தம்பிகிட்டக் குடுத்துருங்க. பாவம், சேத்துல நின்னு புடிச்சுது. நான் வர்றனுங்க டாக்டரம்மா."

முதல் நாளிலிருந்து என்னைக் கண்ணு என்று மட்டுமே கூப்பிட்டவர். வாசல்வரை கூடவே போனேன். பஸ் ஏறும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஆய்வகத்துக்கு வந்து பெட்டியைக் கொடுத்தேன். பெர்னாட் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு, "அட, பால்கோவா! மொதல்ல நீங்க எடுங்க மேடம்" என்று என் முன்னால் நீட்டினார்.

அது எனக்காக வந்தது இல்லை அண்ணே என்றேன்.